கோழிக்கூடும் அடுத்த வீட்டு நாயும்: நஷ்டஈடு கோருவோர் கவனத்திற்கு

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து குடியேறியுள்ள நம்மவருக்குக் கொல்லைப்புறம் என்று நாலு முழம் நிலம் கிடைத்துவிட்டால் போதும். முதலில் அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்று தலைகாட்டும். அடுத்து ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றப்படும். மூன்றாவதாக ஒரு கோழிக்கூடு வந்து சேரும். கரக்பூர் ரயில்வே காலனியில் நான் குடியிருக்கும் வீடும் இதற்கு விலக்கன்று. என் தாயார் ஊரிலிருந்து என்னோடு வந்து தங்கிய மறுமாதமே சந்தையில் இரண்டு நாட்டுக்கோழிகளை வாங்கிவிட்டார். அவை பெருகி, சென்ற மார்கழி மாதத்தில் ஆறு கோழிகளும் ஒரு சேவலுமாக இருந்தன. தாயாருக்கு வங்காளியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. நான் வேலைக்குச் சென்ற பின் அவர் வாய்திறந்து பேசுவது அக்கோழிகளோடுதான் என்று சொன்னால் வாசக அன்பர்கள் மிகையென்று கருதமாட்டார்கள் என நம்புகிறேன்.

அம்மாதத்தில் ஒரு நாள், இரவுப் பணி முடிந்து காலை ஆறரை மணிக்கு வீடு திரும்பினேன். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கொல்லை முழுவதும் இறகு பரவிக் கிடந்தது. கூட்டின் அடிப்பலகை பெயர்க்கப்பட்டு, கம்பிவலை கிழிந்து தொங்கியது. ஐந்து உயிர்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. ஒரு கோழி சிறகொடிந்து சுவரோரம் ஒடுங்கியிருந்தது. ஒன்று மட்டும் முருங்கை மரத்தின் மேல் ஏறித் தப்பியிருந்தது. துடைப்பத்துடன் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாயார், “பக்கத்து வீட்டுப் பெரிய நாய்தானப்பா. விரட்டப் போனேன், என்னைப் பார்த்தும் பல்லைக் காட்டிற்று” என்றார். அவருடைய சேலைத் தலைப்பு கிழிந்திருந்தது. நல்வேளையாக உடம்பில் கீறல் ஏதுமில்லை. கீறல் பட்டிருந்தால் நஷ்டஈட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டியிருக்கும். இவ்விஷயத்தில் தாமதம் கூடாது.

அண்டை வீட்டுக்காரர் எங்கள் இலாகாவைச் சேர்ந்தவர் அல்லர். என்னிலும் வயதில் மூத்தவர். நான் அவரைத் ‘தாதா’ என்றும், அவர் மனைவியாரை ‘பௌதி’ என்றும் அழைப்பது வழக்கம். அவர்கள் என் தாயாரை ‘மாசிமா’ என்பார்கள். அவர் வளர்ப்பது ஒரு அல்சேஷன் நாய். அன்று காலை நான் போய்ச் செய்தியைச் சொன்னதும், “என் நாய் இதுவரை யாரையும், எதையும் தொட்டதில்லை. நரி வந்திருக்கும், அல்லது கீரி வந்திருக்கும்” என்று அவர் அமைதியாகச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது உண்மையன்று என்பது எனக்குத் தெரியும். ஐப்பசி மாதத்திலேயே அதே நாய் எங்கள் கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று. அண்டை வீட்டாரோடு ஒரு குஞ்சுக்காகவா மனத்தாங்கல் என்று நாங்கள் வாய்மூடி இருந்துவிட்டோம். வேற்று மாநிலத்தில் வந்து வாழ்கிறோம், நாலு பேருக்கு நல்லவராக இருக்கவேண்டும் என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எண்ணத்தால் நான் இழந்தது ஒரு குஞ்சை மட்டுமன்று. என் வழக்கின் முதுகெலும்பையே இழக்க இருந்தேன். அது எவ்வாறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

நாய் கோழியைக் கொன்றால் அதன் சொந்தக்காரர் இன்ன தொகை கொடுக்கவேண்டும் என்று கூறும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டின் பிராணிகள் சட்டம் அவ்வாறு கூறுகிறது. அங்கே நாயானது ஆட்டையோ மாட்டையோ கோழியையோ கொன்றால், நாயின் குணம் முன்னரே தெரிந்திருந்ததா என்று கேளாமலே வளர்ப்பவரைப் பொறுப்பாக்குகிறார்கள். இங்கு நம் சிவில் நீதிமன்றங்கள் பின்பற்றுவது பழைய பொதுநெறி. அதன்படி, நாய் இயல்பாகச் சாதுவான வளர்ப்புப் பிராணி. ஆகவே அதன் செயலுக்குச் சொந்தக்காரரைப் பொறுப்பாக்க வேண்டுமானால் இரண்டில் ஒன்றை நாம் ருசுப்படுத்த வேண்டும். ஒன்று, இக்குறிப்பிட்ட நாய்க்கு இத்தகைய துர்க்குணம் உண்டென்று அவர் முன்னரே அறிந்திருந்தார் என்பது. மற்றொன்று, நியாயமான மனிதர் எவரும் எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது. அதாவது வாயிற்கதவைத் தாழிடாமலோ நாயைச் சங்கிலியில் பிணைக்காமலோ விட்டார் என்பது. இவ்விரண்டில் எதை எடுத்தாலும், முன்பு ஒரு முறை நடந்தது என்பதும், அது அவர் காதுக்கு எட்டியது என்பதும்தான் நமக்குப் பெரும் பலம். ஐப்பசியில் நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தால், மார்கழியில் ‘என் நாய் எதையும் தொட்டதில்லை’ என்று அவர் சொல்லியிருக்க முடியாது.

நான் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. சேதமடைந்த மூட்டைகளும், அவற்றுக்காக வரும் கோரிக்கை மனுக்களும் எனக்கு அன்றாடச் சோறு. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 106ஆம் பிரிவு, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தராதவருக்கு நஷ்டஈடு இல்லை என்கிறது. கண்ணீர் விட்டு நின்றவரையும் இவ்விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பெட்டி உடைந்து வந்தால் பெற்றுக்கொள்பவர் எதிரில் திறந்து, என்ன இருந்தது, என்ன போயிற்று என்று அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டுத்தான் ஒப்படைப்போம். இதையெல்லாம் ஊராருக்குச் சொல்லும் நான், என் வீட்டுக் கொல்லையில் மறந்துவிட்டேன். அன்று காலை அத்தொழிலே எனக்குக் கைகொடுத்தது.

கிடந்தவற்றை எடுத்து அடுக்கப் போன தாயாரைத் தடுத்து, கிடந்தபடியே கைபேசியில் படங்கள் எடுத்தேன். கூட்டின் பெயர்ந்த பலகை, கிழிந்த வலை, மண்ணில் பதிந்த கால் தடங்கள், அண்டை வீட்டு வாயிலின் உடைந்த தாழ்ப்பாள் ஆகிய எல்லாவற்றையும் எடுத்தேன். பிறகு இரண்டு கோழிகளைச் சாக்கில் சுற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த மருத்துவர் ஒரு கோழிக்காகவா இவ்வளவு என்று நகைக்கவில்லை. புரட்டிப் பார்த்து விளக்கமும் சொன்னார். கீரி கடித்தால் காயம் தலையிலும் கழுத்திலும் சிறிதாக இருக்குமாம். நரி பெரும்பாலும் இரையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாயோ, அதிலும் வீட்டில் வயிறார உண்ணும் நாயோ, பசிக்காகக் கொல்வதில்லை. ஓடுவதைத் துரத்திப் பிடித்து உதறிப் போட்டுவிட்டு அடுத்ததன் பின்னே ஓடும். முதுகிலும் தொடையிலும் சிறகிலும் பெரிய பற்குறிகள், தின்னாமல் விட்ட உடல்கள், எங்கும் இறைந்த இறகு ஆகியவை நாயின் வேலையைக் காட்டும் என்றார். தாம் கண்ட காயங்களை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டும் கொடுத்தார். சிறகொடிந்த கோழிக்குக் கட்டும் போட்டார். மருந்துச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தினேன்.

சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுபவர், கார்த்திகையில் ஒரு நாள் அந்நாய் வாயில் வேறு யாருடைய கோழியையோ கவ்விக்கொண்டு வந்ததைக் கண்டு, பௌதியிடமே சொல்லியிருக்கிறார். அவர் வாய்மொழியை அன்று மாலையே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெற்றேன். என் வழக்கு உயிர் பெற்றது அக்கணத்தில்தான்.

இதற்குள் காலனியில் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கினார்கள். “போலீசில் எழுதிக் கொடு” என்றார் ஒருவர். இதைச் சற்று விளக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நியாய சம்ஹிதை வந்துள்ளது. அதன் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. இதில் பேச்சு மனிதருக்கு நேரும் ஆபத்தைப் பற்றியதேயன்றிக் கோழியைப் பற்றியதன்று. சேதம் விளைவித்தல் என்று வேறொரு குற்றம் உண்டு; அதற்கு, நாயை ஏவிவிட்டார் என்பது போன்ற கெட்ட எண்ணமோ, நஷ்டம் நேரும் என்ற அறிவோ இருந்ததாகக் காட்டவேண்டும். தாழ்ப்பாள் உடைந்திருந்தது என்பது அதற்குப் போதாது. மேலும் அபராதம் விதிக்கப்பட்டாலும் அது அரசின் கஜானாவுக்குப் போகுமேயன்றி நம் கூட்டிற்குத் தானாக வந்துவிடாது. தாயாரை நோக்கி நாய் சீறியதைக் கொண்டு 291ஐக் கிளறியிருக்கலாம்தான். உடம்பில் காயமில்லாதபோது அதைச் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

மற்றொருவர், நம் சங்கத்து இளைஞர்தான், இரவில் ஒரு துண்டு இறைச்சியில் மருந்து வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார். இத்தகைய பேச்சு எந்த வீட்டிலும் எழக்கூடியதுதான். அதே சம்ஹிதையின் 325ஆம் பிரிவின்படி, பிராணியைக் கொன்றோ நஞ்சிட்டோ முடமாக்கியோ சேதம் விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டமும் அவர்மேல் பாயும். நஷ்டஈடு கேட்கும் வாதியாக நின்றவர் ஒரே இரவில் குற்றவாளிக் கூண்டுக்கு மாறிவிடுவார். கூட்டை நோக்கி வரும் நாயைத் தடிகொண்டு விரட்டுவது வேறு. போன நாயைத் தேடிச் சென்று கொல்வது வேறு. என் தாயார் சட்டம் படித்தவர் அல்லர்; அவ்விளைஞரிடம், “அது வாயில்லா ஜீவன் தம்பி, அதுக்கென்ன தெரியும்? கதவைத் திறந்து போட்டவருக்கில்லே தெரியணும்” என்றார்.

இனித் தொகைக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தாயார் சொன்ன கணக்கின்படி, அடைகாத்துக்கொண்டிருந்த கோழியின் கீழிருந்த பதினொரு முட்டைகளும் பொரிந்து, அவை வளர்ந்து, முட்டையிட்டு, மறுபடி பொரித்து, இரண்டு ஆண்டுகளில் அண்டை வீட்டார் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணையே தரவேண்டியிருந்தது! நீதிமன்றம் இதை ஏற்காது. நடந்த செயலிலிருந்து நேராக விளைந்த நஷ்டமே கணக்கில் சேரும். இனி நடக்கக்கூடும் என்பதன் மேல் அடுக்கும் கனவுக்கு விலையில்லை. முட்டையை முட்டை விலைக்கே போடவேண்டும். அவ்வாறே, முட்டையிடும் கோழிக்குரிய உயர்ந்த விலையைக் கேட்டுவிட்டு, அது இட்டிருக்கக்கூடிய முட்டைகளுக்கும் ஆண்டு முழுவதற்கும் விலை கேட்பது ஒரே நஷ்டத்தை இருமுறை கேட்பதாகும். முட்டையிடும் என்பதனால்தானே அதற்கு அவ்விலை? வேண்டுமானால், மாற்றுக்கோழி கிடைக்கும் வரையுள்ள சில நாட்களுக்குக் கேட்கலாம். ஆனால் இறைச்சிக் கடையில் எடைக்கு என்ன விலையோ அதைத்தான் தருவேன் என்று எதிராளி சொன்னால் அதற்கும் இணங்க வேண்டியதில்லை. அதே வயதும் தரமும் உள்ள கோழியை உள்ளூர்ச் சந்தையில் வாங்க இன்று என்ன கொடுக்கவேண்டுமோ அதுவே உரிய விலை. நான் அவ்வாரச் சந்தைக்குச் சென்று இரண்டு வியாபாரிகளிடம் விலையை எழுதி வாங்கினேன்.

அதன்படி எங்கள் பட்டியல்: முட்டையிடும் கோழி மூன்று, ஒன்று 600 ரூபாய் வீதம் 1,800. சேவல் ஒன்று 900. முட்டையிடும் பருவம் எட்டாத விடைக்கோழி ஒன்று 350. அடைமுட்டை பதினொன்று, 12 ரூபாய் வீதம் 132. வைத்தியச் செலவு 120. கூட்டைச் செப்பனிடத் தச்சருக்கும் கம்பிவலைக்கும் 480. ஆக 3,782 ரூபாய். செத்த கோழிகளைச் சமைத்திருந்தாலோ விற்றிருந்தாலோ அத்தொகையைக் கழித்துக் காட்டியிருக்க வேண்டும். நாங்கள் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்துவிட்டோம். நாய் குதறியதை உண்ணக்கூடாது என்பது தாயாரின் கட்சி; வெறிநோய் அச்சம் உள்ளவரை அதுவே சரியும் ஆகும்.

இப்பட்டியலையும் படங்களையும் மருத்துவர் குறிப்பின் நகலையும் இணைத்து, ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நாள், நேரம், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நடந்தவை, இப்போது நேர்ந்த நஷ்டம், பதினைந்து நாள் தவணை ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. வசைச்சொல் ஒன்றும் இல்லை. எதிராளி படிக்கும் மொழியில் இருக்கவேண்டும் என்பதனால் வங்காளியில் ஒரு நண்பரைக்கொண்டு எழுதுவித்து, ஆங்கில நகலும் வைத்தேன். சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் விதமாகத் தபாலில் அனுப்பினேன். பத்தடி தூரத்து வீட்டிற்குத் தபாலா என்று மனைவி கேட்டாள். கையில் கொடுத்தால் கையொப்பம் கேட்கவேண்டும். கேட்டால் சண்டை வரும். தபால்காரரிடம் கையொப்பமிட யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கடிதத்தில் கையொப்பமிட்டவர் என் தாயார். இதற்கொரு காரணம் உண்டு. கோழிகள் அவருடையவை என்பது மட்டுமன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சம்பளக்காரனாகிய என் பெயரில் கேட்டால் வருமான வரம்பு குறுக்கே நிற்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், வழக்குத் தொடுக்கும் முன்னரே இருதரப்பாரையும் மக்கள் நீதிமன்றத்திற்கு அழைத்துச் சமரசம் செய்விப்பார்கள். இருவரும் இசைந்து அங்கே எழுதப்படும் முடிவு, சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. எங்கே செல்வதென்று தெரியாதவர்கள் 15100 என்னும் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். எதிராளி இணங்காவிடில் சிவில் வழக்குத்தான் வழி. நஷ்டம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். ஆனால் நாலாயிரம் ரூபாய்க்கு நடக்கும் வழக்கில், லீவு போட்ட நாட்களையும் பஸ் செலவையும் கூட்டிப் பார்த்தால் வென்றவரும் தோற்றவரே என்பது என் அபிப்பிராயம்.

நம் கோழி வேலி தாண்டி அவர் தோட்டத்தில் போய்க் கடிபட்டிருந்தால் கதை மாறியிருக்கும்; அத்துமீறியது யார் என்று முதலில் நம்மைக் கேட்பார்கள். தெருநாய் கடித்தால் பணம் கேட்கச் சொந்தக்காரரே இல்லை. உள்ளாட்சி அமைப்பிடம் முறையிடுவதும் கூட்டைப் பலப்படுத்துவதும்தான் மிச்சம்.

கடிதம் சேர்ந்த மூன்றாம் நாள் அண்டை வீட்டுக்காரர் என்னைத் தெருவில் நிறுத்தி, “குவார்ட்டர்ஸில் கோழி வளர்க்க உனக்கு அனுமதி உண்டா?” என்று கேட்டார். நான் சற்றே தடுமாறினேன் என்பதை மறைப்பானேன்? அரசு வீடுகளிலும் அடுக்குமாடிச் சங்கங்களிலும் குடியிருப்போர் தம் ஒதுக்கீட்டு நிபந்தனைகளை முதலில் வாசித்துக்கொள்வது நலம். “தாதா, அதற்கு எனக்கு நோட்டீஸ் வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அனுமதி இல்லாத கோழியானாலும் அதைக் கொல்ல உங்கள் நாய்க்கு அனுமதி இல்லையே” என்றேன். அவர் சிரித்துவிட்டார். அச்சிரிப்பில் பாதிக் கோபம் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற இரு பெரியவர்கள், அவர் தரப்பில் ஒருவரும் நம் சங்கத்தின் சார்பில் ஒருவருமாக, எங்கள் திண்ணையில் அமர்ந்தார்கள். பால்காரர் எழுதிக் கொடுத்ததைப் படித்ததும் பௌதி தலை குனிந்து, தாம் அதைக் கணவரிடம் சொல்ல மறந்ததாக ஒப்புக்கொண்டார். சேவலின் விலையில் மட்டும் நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில் 3,400 ரூபாய் என்றும், முதலில் 2,000, அடுத்த மாதச் சம்பளத்தில் 1,400 என்றும், வாயிலுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடுவதென்றும், இரவில் நாயைக் கட்டுவதென்றும் தாளில் எழுதி நால்வரும் கையொப்பமிட்டோம். நானும் என் பங்கிற்குக் கூட்டின் அடியில் செங்கல் பாவுவதாக எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் தவணை சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பிந்தி வந்தது. பணத்தைக் கொண்டுவந்த பௌதி தாயாரிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வாங்கிப் போனார். மரத்திலேறித் தப்பிய கோழி இப்போது அடையில் இருக்கிறது. சிறகொடிந்த கோழி பிழைத்தது. ஆனால் நாயின் குரல் கேட்டால் இன்றும் சமையலறைக்குள் ஓடி வந்துவிடுகிறது. அக்கடிதத்தின் நகலையும் நஷ்டப் பட்டியலையும் நம் சங்கத்தின் நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.